பக்தியை ஜாமீன் வைக்கும் வியாபாரமும் அதற்குப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னப் பத்திரிகை ஒன்றில் பதினோரு வருடம் பக்கம் கட்டியவன் நான். செய்திப் பிரிவுக்கும் விளம்பரப் பிரிவுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான் இருந்தது. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். அதனாலோ என்னவோ, மதம், வியாபாரம், ஊடகம் மூன்றும் முட்டிக்கொள்கிற பேச்சு வந்தால் தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒருவர் தினமும் சாமி கும்பிடுகிறார், கணக்கிலும் ஏமாற்றுகிறார். இதைத்தானே போலித்தனம் என்கிறீர்கள்?

அவசரப்பட வேண்டாம். கும்பிடுகிற மனிதனும் சறுக்குவான். சறுக்கிவிட்டு வெட்கப்படுகிறவனைப் போலி என்று சொன்னால் உலகத்தில் பாதிப் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும், என்னையும் சேர்த்து.

நான் போலித்தனம் என்று சொல்வது வேறொன்றை. பக்தியை ஜாமீனாக வைப்பது. “நான் நோன்பு தவறாதவன், என்னிடமா ரசீது கேட்கிறீர்கள்?” என்று ஒருவர் முகம் சுளிக்கும்போது அவருடைய நோன்பு ரசீதின் வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் வாயடைக்கப் பக்தி பயன்பட்டால், அவர் உள்ளுக்குள் உண்மையாகவே நம்புகிறாரா இல்லையா என்பது நமக்குத் தேவையில்லாத விஷயம்.

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு வேலை. சற்று மேலே ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற மனிதரைப் போலவே பூனையும் தவக்கோலத்தில் நிற்கும். ருத்திராட்சப் பூனை என்று நாம் பேச்சில் சொல்கிற ஆசாமிதான். எல்லோரும் பூனையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அதன் காலடியில் இருக்கிற எலிகளை. பயமே இல்லாமல் அத்தனை கிட்டத்தில் இருக்கும். அதில் ஒன்று கும்பிடுகிற மாதிரியே தெரியும். பூனைக்கு வேண்டியதும் அதுதான்.

அப்படியானால் தொழிலில் மத நம்பிக்கையைக் காட்டிக்கொள்வதே தப்பா?

இல்லை. நம்பிக்கையால் ஒழுங்காக நடந்த வியாபாரிகள் நிறைய. இங்கிலாந்தின் குவேக்கர் கிறிஸ்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசுவது பொய் பேசுவதில் போய் முடியும் என்று நினைத்தவர்கள் அவர்கள். வாங்க வருகிறவர் குழந்தையானாலும் பெரியவரானாலும் ஒரே விலை என்று வைத்தார்கள். அதனாலேயே கூட்டம் அவர்களிடம் போனது. பார்க்லேஸ், லாயிட்ஸ் வங்கிகளும், காட்பரி, ரவுண்ட்ரீ சாக்லேட் கம்பெனிகளும் அந்த மரபில் முளைத்தவைதான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். “நாங்கள் குவேக்கர்” என்பதை அவர்கள் ஜாமீனாக வைக்கவில்லை. விலை எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

காட்பரி மீதே ஒரு வழக்கு இருந்ததாமே?

காட்பரி போட்ட வழக்கு அது. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

காட்பரி குடும்பம் தொழிலாளர்களுக்காக போர்ன்வில் என்று ஒரு குடியிருப்பே கட்டியது. தோட்டத்தோடு வீடுகள், விளையாட்டு மைதானம். மதுக்கடை மட்டும் கிடையாது. அந்தக் காலத்தில் அதற்கு ஈடான முதலாளிகள் குறைவு. ஆனால் அவர்கள் வாங்கிய கொக்கோவில் பெரும்பங்கு போர்த்துக்கல் ஆண்ட சாவோ டோமே, பிரின்சிபே தீவுகளிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அங்கோலாவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். காகிதத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஊர் திரும்பியவர்கள் கிட்டத்தட்ட யாரும் இல்லை.

1901-ல் அந்தத் தீவில் ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தது. சொத்துப் பட்டியலில் மற்ற சொத்துகளோடு 200 கறுப்பினத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மதிப்பு 3,555 பவுண்டு என்று போட்டிருந்தது. அந்தப் பட்டியல் காட்பரி நிறுவனத்தின் பார்வைக்கு வந்தது. மனிதனுக்கு விலை போட்டிருந்தால் அது என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1903-ல் வில்லியம் காட்பரி லிஸ்பனுக்கே போய்ப் பேசினார். 1905-ல் நேரில் பார்த்து வர ஒருவரை அனுப்பினார்கள். அறிக்கை வந்தது. ஆனால் கொக்கோ வாங்குவதை நிறுத்தியது 1909-ல்தான். எட்டு வருடம்!

அந்த எட்டு வருடத்தில் நடந்த இன்னொன்றுதான் எனக்குச் சுவாரஸ்யமானது. குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் காட்பரி ‘டெய்லி நியூஸ்’ என்ற நாளிதழின் உரிமையாளர். அந்தப் பத்திரிகை தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகளை அடிமை மாதிரி நடத்துகிறார்கள் என்று ஓங்கிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. குரல் கொடுத்ததில் தப்பில்லை. தன் சாக்லேட்டுக்குள் இருந்த அடிமை மட்டும் கண்ணில் படவில்லை.

எதிர்முகாமில் இருந்த ‘ஸ்டாண்டர்ட்’ பத்திரிகை 1908-ல் இதைத் தலையங்கமாகவே எழுதிக் கிழித்தது. காட்பரி அவதூறு வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் பர்மிங்ஹாமில் விசாரணை. தீர்ப்பு காட்பரிக்குச் சாதகம். நஷ்ட ஈடாக ஜூரிகள் கொடுக்கச் சொன்ன தொகை ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. நம் பேச்சில் சல்லிக்காசு. “சட்டப்படி நீ ஜெயித்தாய், போ” என்பதை இதைவிட நறுக்கென்று சொல்ல முடியாது.

ஸ்டாண்டர்டும் பசுவல்ல. அரசியல் பகைதான் அதை எழுத வைத்தது. அதனால் எழுதிய விஷயம் பொய்யாகிவிடவும் இல்லை.

மதத்தைச் சொல்லிப் பணம் திரட்டுகிறவர்களிடம் படித்தவர்கள்கூட எப்படி ஏமாறுகிறார்கள்?

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. “நம்ம ஆள்” என்ற ஒரு வார்த்தை போதும். வெளியாளிடம் பத்துக் கேள்வி கேட்கிறவர், பக்கத்து வரிசையில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்கிறவரிடம் ஒன்றுகூடக் கேட்க மாட்டார். கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்ற கூச்சம்.

அமெரிக்காவில் அரிசோனா பாப்டிஸ்ட் ஃபவுண்டேஷன் என்று ஒன்று இருந்தது. பணமும் வளரும், இறைப்பணியும் நடக்கும் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். சேர்ந்தவர்களில் நிறையப் பேர் ஓய்வு பெற்ற முதியவர்கள். புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1999-ல் அது திவாலானபோது சுமார் 11,000 பேரின் 50 கோடி டாலருக்கு மேற்பட்ட பணம் சிக்கியிருந்தது. கணக்குக்கு ‘சரி’ போட்டுக்கொண்டிருந்தது ஆர்தர் ஆண்டர்சன் என்ற பெரிய தணிக்கை நிறுவனம். பின்னால் 2002-ல் அவர்கள் 21.7 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள வேண்டி வந்தது.

அங்கே வேலை பார்த்து விலகிய ஒரு கணக்காளர் 1997-லேயே தணிக்கையாளரிடம் எச்சரித்திருந்தார். 1998-ல் ஃபீனிக்ஸ் நகரத்து இலவச வார இதழ் ஒன்று தொடர் கட்டுரையே போட்டது. அதற்குப் பிறகும் பணம் வந்துகொண்டிருந்தது.

பெங்களூரில் 2019 ஜூனில் கவிழ்ந்த ஐ.எம்.ஏ. என்ற முதலீட்டு நிறுவனத்தின் கதையும் இதே வார்ப்புதான். மார்க்கத்துக்கு விரோதமான வட்டி இல்லை, லாபத்தில் பங்கு என்று சொல்லிப் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் வாங்கினார்கள். நிறுவனர் ஒரு ஆடியோவை வெளியிட்டுவிட்டு துபாய்க்குப் போய்விட்டார். அடுத்த மாதம் திரும்பி வந்து கைதானார். மதம் எதுவானாலும் சூத்திரம் ஒன்றே என்பதற்காகத்தான் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறேன்.

சரி, உள்ளூர்ப் பத்திரிகைகள் ஏன் இதையெல்லாம் முன்கூட்டியே எழுதுவதில்லை?

என் கையால் நடந்ததையே சொல்கிறேன்.

ஒரு பண்டிகைச் சிறப்பிதழ். எட்டுப் பக்கம். கடைசிப் பக்கம் முழுக்க ஒரு தொழிலதிபரின் வாழ்த்து விளம்பரம். கைகூப்பிய படம், மேலே புனித வாசகம். அன்றைக்கே எங்கள் நிருபர் ஒரு சின்னச் செய்தி கொண்டு வந்தார். அதே மனிதரின் பட்டறையில் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து பிடித்த சேமநிதிப் பணம் பல மாதமாகக் கட்டப்படவில்லை. கையில் காகிதம் இருந்தது. எட்டு வரி. மூன்றாம் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து விளம்பர மேலாளர் வந்தார். நல்ல மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தோளில் கை போட்டு, “நல்ல நாளும் அதுவுமா எதுக்கு தம்பி? நாளைக்குப் பாத்துக்கலாமே” என்றார்.

எடுத்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் எட்டு வரி காலியாக நின்றது. அந்த இடத்துக்கு என்று எப்போதும் கைவசம் சில ஆன்மிகத் துணுக்குகள் வைத்திருப்போம். ஒன்றை எடுத்துப் போட்டேன். பொறுமையைப் பற்றிய துணுக்கு.

பெரிய பத்திரிகைக்கு நூறு விளம்பரதாரர். ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் தாங்கும். சின்னப் பத்திரிகைக்கு மாதச் சம்பளமே ஐந்தாறு பேர் கையில் இருக்கிறது. திருவிழாக் கமிட்டி, அன்னதானம், ஆண்டு விழா என்று எங்கே நிருபர் போனாலும் மேடையில் அதே ஐந்தாறு பேர்தான். மிரட்டவெல்லாம் யாரும் தேவையில்லை. நாமே எடுத்துவிடுவோம்.

ஆன்மிகப் பக்கம் போடுவதே இதற்காகத்தானா?

பெரும்பாலும் இல்லை. வாசகர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் வருகிற ‘பேட்டி’யில் எது பேட்டி, எது காசு வாங்கிப் போட்டது என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு. ‘விளம்பரம்’ என்ற ஒரு சொல்லைப் போட ஒரு வரி இடம்கூட ஆகாது. போடாமல் இருப்பதற்குத்தான் அந்த விலை கொடுக்கிறார்கள்.

அற்புதம் செய்யும் யந்திரம், தாயத்து என்றெல்லாம் டிவியில் விற்கிறார்களே, சேனலுக்குப் பொறுப்பு கிடையாதா?

உண்டு. ‘விளம்பரதாரரின் கருத்து, நிலையம் பொறுப்பல்ல’ என்று கீழே ஓடவிடுவதால் பொறுப்பு போய்விடாது.

இந்தியாவில் 1954-லேயே இதற்கு ஒரு சட்டம் வந்துவிட்டது: மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம். தாயத்து, மந்திரம், கவசம் இவற்றை நோய் தீர்க்கும் என்று சொல்லி விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை ஒரு படி மேலே போனது. கடவுள் பெயரைச் சொல்லி, அற்புத சக்தி இருப்பதாகக் கூறி யந்திரம் விற்பதை டிவியில் காட்டுவது மகாராஷ்டிரத்தின் மாந்திரீகத் தடைச் சட்டப்படி தவறு, ஒளிபரப்புகிறவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்றது.

இங்கிலாந்திலும் கொரோனா காலத்தில் ‘லவ்வேர்ல்ட்’ என்ற மதச் சேனலுக்கு நோய் பற்றிய ஆதாரமற்ற பேச்சுகளுக்காக 1,25,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது 2024-ல் யோகா குரு ராம்தேவின் பதஞ்சலி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி. நோய் தீர்ப்பதாகச் செய்த விளம்பரங்களுக்காக 67 பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம் என்று நிறுவனம் சொன்னது. அந்த மன்னிப்பு, நீங்கள் வழக்கமாகப் போடும் விளம்பரத்தின் அளவில் இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கு அந்தக் கேள்வியின் ருசி புரியும். முழுப் பக்கத்தில் பொய், மூலையில் வருத்தம் என்பதுதான் எங்கள் தொழிலின் வழக்கமான அளவுகோல். மறுநாள் மன்னிப்பு பெரிதாகவே வந்தது.

அற்புதம் செய்பவரை மேடையில் நேரில் பார்த்தவர்களே சாட்சி சொல்கிறார்களே?

பீட்டர் போபாஃப் என்று அமெரிக்காவில் ஒரு போதகர். கூட்டத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரைப் பெயர் சொல்லி அழைப்பார், விலாசம் சொல்வார், என்ன வியாதி என்பார். கடவுள் சொல்கிறார் என்று ஜனம் அழும். 1986-ல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர் தன் ஆட்களோடு ஒரு ரேடியோ ஸ்கேனரை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல் கேட்டது. போபாஃபின் மனைவி! கூட்டம் தொடங்குமுன் வந்தவர்கள் எழுதிக் கொடுத்த பிரார்த்தனைச் சீட்டுகளைப் பார்த்து, கணவரின் காதில் இருந்த கருவிக்கு வாசித்துக்கொண்டிருந்தார். பதிவு செய்ததை நாடே பார்க்கிற டிவி நிகழ்ச்சியில் போட்டுக் காட்டினார் ராண்டி.

1987-ல் போபாஃப் திவால். அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? சில வருடத்தில் ‘அற்புத நீரூற்றுத் தண்ணீர்’ என்று பின்னிரவு டிவியில் திரும்ப வந்துவிட்டார். நேரத்தை விற்கச் சேனல்கள் இருந்தன.

துணிந்து எழுதிய உள்ளூர்ப் பத்திரிகையே இல்லையா?

இருக்கிறது. வட கரோலினாவில் வெளிவரும் ‘சார்லட் அப்சர்வர்’. ஜிம் பேக்கர் என்ற டிவி போதகரின் பி.டி.எல். அமைப்பு அவர்கள் ஊர்ப்பக்கம்தான். வெளிநாட்டு ஊழியத்துக்கென்று வசூலித்த பணம் உள்ளூர்ச் செலவுக்குப் போகிறது என்று அந்தப் பத்திரிகை 1979-லேயே எழுதியது. பேக்கரின் ஆட்கள் பத்திரிகையின் பெயரைக் கெடுக்கப் பெரிய பிரசாரமே நடத்தினார்கள். பத்திரிகை விடவில்லை. 1987-ல் பேக்கர் பதவி விலகினார். 1988-ல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு சார்லட் அப்சர்வருக்கு.

குற்றம் என்ன தெரியுமா? ஆயிரம் டாலர் கொடுத்தால் அவர்கள் கட்டும் ஹோட்டலில் ஆயுள் முழுக்க வருடத்துக்கு மூன்று இரவு இலவசம். 25,000 பேரோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, 66,000-க்கு மேல் விற்றார்கள். ஹோட்டலில் சுமார் 500 அறை. பெருக்கிப் பார்த்தால், வருடம் முழுவதும் எல்லா அறையையும் இவர்களுக்கே கொடுத்தாலும் பற்றாது. 1989-ல் 45 வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னால் குறைக்கப்பட்டு, ஐந்து வருடத்துக்குள் வெளியே வந்தார்.

பத்திரிகை அவருடைய விசுவாசத்தைப் பற்றி வாதாடியிருந்தால் தோற்றிருக்கும். பணம் போன வழியைப் பற்றி எழுதியதால் நின்றது.

இப்படிக் கேள்வி கேட்பது மதத்தைப் புண்படுத்துவது ஆகாதா?

வரவு செலவு கேட்டால் எந்தக் கடவுளுக்கும் வலிக்காது.

நிறைய தர்மம் செய்கிறாரே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

எடுக்கலாம், சம்பள பாக்கியைக் கழித்த பிறகு.

மதம் இல்லாத நிறுவனங்கள் மட்டும் யோக்கியமா?

யார் சொன்னது? என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் 2000-ம் ஆண்டு தன் ஊழியர்களுக்கு 64 பக்கத்தில் ஒரு நன்னெறிப் புத்தகம் கொடுத்தது. கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் திவால் மனு. வேதத்துக்குப் பதிலாக ‘மதிப்பீடுகள்’ என்று ஒன்றை அச்சடித்து வரவேற்பறையில் மாட்டினாலும் ஜாமீன் ஜாமீன்தான்.

நான் வேலை செய்யும் இடத்தில் காலையில் கூட்டுப் பிரார்த்தனை, மாதக் கடைசியில் சம்பளம் இல்லை. என்ன செய்யலாம்?

பிரார்த்தனையை இழுக்காதீர்கள். முதலாளியின் பக்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே சுற்றும். அவருக்கும் அது வசதி. நியமனக் கடிதம், வருகைப் பதிவின் நகல், வங்கியில் கடைசியாகச் சம்பளம் ஏறிய தேதி, இவற்றைச் சேர்த்து வையுங்கள். எழுத்தில் கேளுங்கள். அப்புறம் தொழிலாளர் துறை. நிருபரிடம் போவதானாலும் இந்தக் காகிதங்களோடு போங்கள். “அவர் வேஷக்காரர்” என்ற செய்தியை யாரும் போட முடியாது.

பொய் விளம்பரத்தைப் பார்த்தால் எங்கே புகார் செய்வது?

இந்தியாவில் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரத்துறையினர் 1985-ல் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட தர கவுன்சிலும் புகார் வாங்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம், திரும்பச் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். விளம்பரத்தில் வந்து சிபாரிசு செய்கிறவரும் இதில் மாட்டுவார், அவர் என்ன உடை உடுத்தியிருந்தாலும். ஸ்கிரீன்ஷாட்டோ, தேதியோடு பத்திரிகைப் பக்கமோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத புகார் நிற்காது.

உங்கள் பத்திரிகை அந்த எட்டு வரியை எப்போதாவது போட்டதா?

இரண்டு வருடம் கழித்து தொழிலாளர்கள் நீதிமன்றம் போய் ஜெயித்தார்கள். வெளியூர்ப் பெரிய பத்திரிகை ஒன்று அதைப் பெயரோடு போட்டது. மறுநாள் நாங்களும் போட்டோம், மூன்று வரி. முதலாளியின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘ஒரு தனியார் நிறுவனம்’ என்று இருந்தது. அடித்தது நான்தான். அந்த வருடமும் சிறப்பிதழுக்குக் கடைசிப் பக்க வாழ்த்து விளம்பரம் வந்தது.